வில் வண்டி முதல் பிக்கப் வரை: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் வில்பட்டையின் கதை

மோட்டார் வண்டியின் உடல் சக்கர அச்சின் மேல் நேரடியாக உட்காருவதில்லை. இரண்டுக்கும் நடுவே எஃகு வில் இருக்கிறது. சாலையில் உள்ள பள்ளமும் மேடும் சக்கரத்தை உலுக்கும்போது, அந்த உலுக்கலை வாங்கிக்கொள்வது இந்த வில்தான். வில்லை மாற்றியோ, பட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டியோ, அடியில் கட்டை கொடுத்தோ வண்டியைத் தரையிலிருந்து உயர்த்துவதைச் சஸ்பென்ஷன் உயர்த்தல் என்பார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதற்கு வேண்டிய உதிரிபாகங்கள் எல்லாம் சேர்ந்து ‘லிஃப்ட் கிட்’ என்ற பெயரில் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் பெட்டியும் கிடையாது, அந்தப் பெயரும் அதிகம் புழங்குவதில்லை. ‘எக்ஸ்ட்ரா பட்டை போடுவது’ என்றால் எல்லோருக்கும் புரியும். அங்கே மலைப்பாதையில் ஓட்டி மகிழ்வதற்காக உயர்த்துகிறார்கள். இங்கே பாரத்துக்காகவும் மண்ணுக்காகவும் உயர்த்துகிறார்கள்.

பாரமும் மண்ணும் இந்த வட்டாரத்தில் எப்படி வந்து சேர்ந்தன என்பதிலிருந்து தொடங்குவதே முறை.

கரிசலும் கட்டை வண்டியும்

ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியின் பெரும்பரப்பில் கடல் இருந்தது. கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லும் தொல்லுயிர் எச்சங்களும் அரியலூரை உலகப் புவியியலாளர்களுக்கு அறிமுகப்படுத்தின. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகக் கிடக்கும் மரம் அந்தக் காலத்தின் சாட்சி. மேற்பரப்பில் பல ஊர்களில் இருப்பது கரிசல். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் ஏற்ற மண். வண்டிக்கு அது எதிரி. மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். நனைந்த கரிசலில் இறங்கிய சக்கரம் மண்ணை அப்பிக்கொண்டு இரண்டு மடங்கு தடிமனாகிவிடும்.

இதற்கு முன்னோர் கண்ட வழி பெரிய சக்கரம். பழைய பார வண்டிகளின் சக்கரம் ஆள் மார்பு உயரத்துக்கு இருக்கும். சக்கரம் பெரிதானால் அச்சு உயரும். அச்சு உயர்ந்தால் சேற்றில் இடிக்காது, பள்ளத்திலும் சுலபமாக ஏறி இறங்கும். தரை இடைவெளியை உயர்த்தும் முயற்சி என்று பார்த்தால் இந்த ஊர்களில் அதுவே முதலாவது. அந்த வண்டியில் வில் கிடையாது. அச்சின் மேல் நேராகப் பலகை. அதனால்தான் அதற்குக் கட்டை வண்டி என்று பெயர். ஏறி உட்கார்ந்தவர் முதுகுதான் வில்.

வசதி உள்ளவர்களுக்கு வேறு வண்டி வந்தது. இலண்டனில் வண்டி கட்டும் தொழில் செய்த ஒபதையா எலியட் 1804இல் நீள்வட்ட வடிவ எஃகு வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் இறுக்கிக் கட்டிய எஃகுப் பட்டைகள் அவை. குதிரை வண்டிக்காக உண்டான அந்த வில், நம் ஊரில் மாட்டு வண்டியின் அச்சிலும் ஏறியது. தமிழர் அதற்கு வைத்த பெயர் ‘வில் வண்டி’. பொருத்தமான பெயர். பண்ணையார்களும் மிட்டாதாரர்களும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போக வில் வண்டி பூட்டினார்கள். பாரம் ஏற்றிய வண்டிக்கு வில் இல்லை. ஆள் ஏறிய வண்டிக்கு மட்டும் வில் இருந்தது. அந்த ஆள் யார் என்பதும் முடிவாகியிருந்தது.

இதை உடைத்தவர் ஒருவரை இங்கே சொல்லியாக வேண்டும். திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, தம் மக்கள் பொதுச் சாலையில் நடக்கவே தடை இருந்த காலத்தில், 1893இல் ஒரு வில் வண்டியை வாங்கி, மாடு பூட்டி, அந்தச் சாலையிலேயே ஓட்டிச் சென்றார். கேரள வரலாற்றில் இது ‘வில்லுவண்டி’ப் பயணம் என்றே நிலைத்துவிட்டது. அவர் ஏறியது வெறும் கட்டை வண்டியாக இருந்திருந்தால் எதிர்ப்பு அவ்வளவு கடுமையாக இருந்திருக்குமா என்பது யோசிக்கத் தக்கது.

பார வண்டியின் நிலை மாற நெடுங்காலம் ஆயிற்று. காற்றடித்த டயரும் பழைய மோட்டார் அச்சும் பொருத்திய டயர் வண்டி பரவிய பிறகுதான் மாட்டின் கழுத்துக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநரான என். எஸ். ராமசாமி, மாட்டு வண்டியை மேம்படுத்த வேண்டும் என்று பல்லாண்டுகள் எழுதியும் பேசியும் வந்தார். மேலாண்மைப் பேராசிரியருக்கு மாட்டு வண்டியில் என்ன வேலை என்று கேட்டவர்கள் அன்று உண்டு.

சிமெண்ட் வந்த பிறகு

அரியலூரின் சுண்ணாம்புக்கல் நெடுங்காலம் தரைக்கடியில்தான் இருந்தது. பக்கத்தில் கல்லக்குடியில் டால்மியா ஆலை 1939இல் வந்தது. தமிழ்நாடு சிமெண்ட் கழகத்தின் அரியலூர் ஆலை 1979இல் உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல், ஆலையிலிருந்து ஊருக்கு மூட்டை, இடையில் நிலக்கரியும் சாம்பலும் என்று இரவு பகலாக லாரி ஓடியது. நிர்வாக எல்லைகள் மாறின: 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது, 2001இல் தனியான அரியலூர், 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007 நவம்பரில் மறுபடி தனி மாவட்டமானது. லாரிகளின் வழி மாறவில்லை.

லாரிக்காரருக்கு வில்பட்டை என்பது வருமானக் கணக்கு. ட்ரிப்புக்கு இத்தனை, டன்னுக்கு இத்தனை என்று கூலி பேசினால், ஒரே ட்ரிப்பில் கூடுதல் டன் ஏற்றுபவருக்கு டீசல் மிச்சம். கூடுதல் பாரத்தில் பின்பக்கம் அமுங்கி, டயர் மட்கார்டில் உரசும். உரசாமல் இருக்க இன்னொரு பட்டை சேர்ப்பார்கள். பட்டை சேர்த்ததும் வண்டி நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்து நிற்கும் வண்டியைப் பார்த்தால் இன்னும் ஏற்றலாம் என்று தோன்றும். அதிக பாரத்தின் வரலாறு பெரும்பாலும் இந்தச் சுழல்தான்.

இதற்கு விலை கொடுத்தது சாலை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, இதற்கென்றே போட்ட சாலைகளில் லாரிகளை ஓயாமல் ஓட்டி ஒரு சோதனை நடத்தினார்கள். ஓர் அச்சின் மேல் உள்ள பாரம் இரண்டு மடங்கானால், சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகிறது என்பது அதில் தெரியவந்த முடிவு. நான்கின் அடுக்கு விதி என்று இதைச் சொல்வார்கள். உப்பியும் சுருங்கியும் ஆடும் கரிசல் மேல் போட்ட சாலைக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. சுண்ணாம்புக்கல் லாரிகளின் பாரத்தையும் வேகத்தையும் எதிர்த்து அரியலூர்ப் பகுதி மக்கள் பலமுறை மறியலில் இறங்கியதும், சுரங்க லாரிகளுக்குத் தனிப் பாதை கேட்டதும் இதனால்தான்.

உச்ச நீதிமன்றம் 2005 நவம்பர் 9இல் பரம்ஜித் பாசின் வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. அதிக பாரத்துக்கு அபராதம் வாங்கிக்கொண்டு அதே பாரத்தோடு வண்டியைப் போகவிடும் வழக்கம் கூடாது, கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கிய பிறகே வண்டி நகர வேண்டும் என்றது அது. 2018 ஜூலையில் மத்திய அரசு சட்டப்படியான வரம்பையே உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 டன் ஆயிற்று. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆயிற்று. சாலை அதே சாலைதான்.

ஜீப் சொல்லிக்கொடுத்தது

வண்டியை உயர்த்துவதைப் பொழுதுபோக்காக்கியது ஜீப். இரண்டாம் உலகப் போருக்காக உருவான வில்லிஸ் ஜீப்பில் நான்கு பக்கமும் வில்பட்டைதான். போர் முடிந்ததும் மலிவாகக் கிடைத்த ஜீப்புகளை அமெரிக்க இளைஞர்கள் மலைக்கும் பாலைக்கும் ஓட்டிச் சென்றார்கள். கலிபோர்னியாவின் ரூபிக்கான் பாறைத் தடத்தில் 1953இல் கூட்டமாக ஜீப் ஓட்டும் விழா தொடங்கியது. பாறையில் அடிவயிறு இடிக்காமல் போக வண்டி உயரமாக வேண்டும். அந்தத் தேவையிலிருந்துதான் பின்னாளில் ‘லிஃப்ட் கிட்’ ஒரு தொழிலாக வளர்ந்தது. இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1947இல் ஜீப்பைக் கொண்டுவந்தது. நம் பக்கத்தில் ஜீப் என்றால் பெரும்பாலும் அரசு அலுவலகமும் எஸ்டேட்டும்தான்.

குட்டி யானையும் பிக்கப்பும்

2005இல் டாட்டா ஏஸ் வந்தது. தமிழ்நாடு அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்துவிட்டது. 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. பொலிரோ பிக்கப் கிராமத்துக் கல் ரோட்டுக்கு ஏற்ற வண்டி என்று பெயரெடுத்தது. செட்டிகுளம் சின்ன வெங்காயம், வேப்பந்தட்டைப் பக்கத்துப் பருத்தி, மக்காச்சோள மூட்டை, ஆட்டுச் சந்தைக்குப் போகும் ஆடு எல்லாம் இவற்றில் ஏறின. லாரி வாங்க முடியாதவரும் தவணையில் ஒரு பிக்கப் வாங்கி முதலாளி ஆகலாம் என்ற நிலை வந்தது. தவணை மாதா மாதம் வரும். வெங்காய விலை அப்படி வராது. ஒன்றரை டன் வண்டியில் இரண்டரை டன் ஏற்றும் ஆசை அங்கே பிறக்கிறது.

உயர்த்தும் வழிகள் சில உண்டு. எளியது, அச்சுக்கும் வில்லுக்கும் நடுவே இரும்புக் கட்டை கொடுத்து, நீளமான யூ போல்ட் போட்டு இறுக்குவது. கட்டை எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் கிடைக்கும். வில்லின் வலிமை மாறாது. இரண்டாவது, வில்லின் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாக்குவது. ஷேக்கிள் 2 அங்குலம் நீண்டால் வண்டி உயர்வது ஏறக்குறைய 1 அங்குலம்தான், ஏனென்றால் வில்லின் ஒரு நுனி மட்டுமே தள்ளப்படுகிறது. மூன்றாவது, அச்சுக்கு அடியில் உள்ள வில்லை அச்சுக்கு மேலே மாற்றிக் கட்டுவது. பழைய ஜீப்புகளில் இதைச் செய்வார்கள். நான்காவதுதான் நம் பட்டறைகளில் அதிகம் நடப்பது: தளர்ந்த பட்டையை அடித்து மறுபடி வளைவு ஏற்றி, கூடவே ஒரு பட்டையைச் சேர்ப்பது.

சேர்க்கும் பட்டையின் தடிமன் முக்கியம். பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 7 மில்லிமீட்டர் பட்டை ஐந்து உள்ள வில்லில் அதே நீளமும் அகலமும் உள்ள இன்னொரு 7 மில்லிமீட்டர் பட்டையைச் சேர்த்தால் விறைப்பு 20 விழுக்காடு கூடும். அதற்குப் பதிலாக லாரியிலிருந்து கழற்றிய 10 மில்லிமீட்டர் பட்டை ஒன்றைச் சேர்த்தால்? 7இன் மும்மடி 343. 10இன் மும்மடி 1000. ஆக, அந்த ஒரே பட்டை மூன்று பட்டைக்குச் சமம். விறைப்பு 58 விழுக்காடு கூடிவிடும். வெறும் வண்டியாக ஓடும்போது சக்கரம் குதிக்கும், டயர் சாலையை விட்டுவிட்டுப் பிடிக்கும், மேலே வெங்காயம் நசுங்கும். இந்த மும்மடிக் கணக்கைப் பேனா பிடிக்காமலே கையால் தட்டிப் பார்த்துச் சொல்லும் பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள். கைக்குக் கிடைத்ததைப் போட்டு அனுப்புபவர்களும் இருக்கிறார்கள்.

வில் வலுவானதால் வண்டி வலுவாகிவிடாது என்பது பலருக்குப் பிடிபடாத செய்தி. பட்டை தாங்கும் பாரம் அச்சுக்கும், பேரிங்குக்கும், சேசிஸுக்கும், டயருக்கும் போய்ச் சேருகிறது. அவை பழைய அளவிலேயே இருக்கின்றன. முன்பு பட்டை உடைந்து எச்சரித்தது. இப்போது எச்சரிக்கை இல்லாமல் அச்சு போகும். உயரம் கூடியதால் கிரவுன் பக்கம் போகும் ராடின் கோணமும் மாறி, யூஜாயிண்ட் கிராஸ் சீக்கிரம் தேயும். முன்பக்கத்தை உயர்த்தினால் சக்கரத்தின் சாய்வுக் கோணங்கள் கெட்டு, ஸ்டீயரிங் அலையும்.

பிரேக்கின் கதை இன்னும் நுட்பமானது. பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு சிறு கம்பி உண்டு. அதன் மறுமுனையில் ஒரு வால்வு. பாரம் ஏறி வண்டி அமுங்கினால் கம்பி நகர்ந்து, பின் சக்கரத்துக்கு அதிக பிரேக் அழுத்தத்தை வால்வு அனுப்பும். வண்டி காலியாக உயர்ந்து நின்றால், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமலிருக்க அழுத்தத்தைக் குறைக்கும். வால்வுக்குக் கண் இல்லை. உயரத்தை வைத்தே பாரத்தை ஊகிக்கிறது. கட்டையோ கூடுதல் பட்டையோ போட்டு உயர்த்திய வண்டியில் இரண்டு டன் ஏறினாலும், வண்டி காலி என்றே அது நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பிடிப்பு குறையும். உயர்த்தியவர் கம்பியின் அளவையும் கணக்குப் பார்த்துத் திருத்தியிருக்க வேண்டும். சாலையில் போகும் வண்டியை வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

இருபது மூட்டை, இருபது ஆள்

பருத்தி எடுக்கவும், வெங்காயம் அறுக்கவும், மக்காச்சோளம் ஒடிக்கவும் விடியற்காலையில் பெண்கள் பக்கத்து ஊர்களுக்குப் போகிறார்கள். பேருந்து அந்த நேரத்துக்கு இருக்காது, இருந்தாலும் வயல் வரை போகாது. வருவது பிக்கப். பின்னால் நின்றுகொண்டே போகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டியின் எடை 1,300 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர், இரு சக்கரங்களுக்கும் இடையே அகலம் 140 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 50 கிலோ சிமெண்ட் மூட்டை இருபதை ஏற்றினால் 1,000 கிலோ. மூட்டை படுத்துக் கிடப்பதால் அதன் மையம் 95 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். மொத்தத்தின் மையம் 78 சென்டிமீட்டர். 30 மீட்டர் ஆரம் உள்ள வளைவில் ஏறக்குறைய 58 கிலோமீட்டர் வேகம் வரை வண்டி கவிழாது.

இப்போது மூட்டைகளை இறக்கிவிட்டு, 50 கிலோ எடையுள்ள இருபது பேரை நிற்கவைப்போம். எடை அதே 1,000 கிலோ. நிற்பவர்களின் மையம் தரையிலிருந்து 170 சென்டிமீட்டர். மொத்தத்தின் மையம் 110க்கு ஏறிவிடும். அதே வளைவில் 49 கிலோமீட்டரிலேயே வண்டி கவிழும். அதே வண்டி 10 சென்டிமீட்டர் உயர்த்தப்பட்டிருந்தால் 47. இதெல்லாம் வண்டி ஒரு மரக்கட்டைபோல ஆடாமல் திரும்பினால் வரும் எண்கள். உண்மையில் வில் சாயும், டயர் நசுங்கும், நிற்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சரிவார்கள். எல்லை இன்னும் கீழே வரும். எடை மேடையில் இரண்டு வண்டிக்கும் ஒரே சீட்டுதான் கிடைக்கும்.

விபத்துக்குப் பிறகு இன்னொன்றும் நடக்கிறது. ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் ஒரு விளக்கம் அளித்தது. சரக்கு வண்டியில் பொருளின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ போகலாம். மற்றபடி பயணியாக ஏறியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்றது அது. வயலுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண் அந்த வண்டியின் பொருளுக்கு உரிமையாளர் இல்லை. இழப்பீடு கேட்டால் வண்டிக்காரரைத்தான் கேட்க வேண்டும். அவரிடம் இருப்பது தவணை கட்டி முடியாத அதே பிக்கப்.

சட்டத்தின் பார்வை

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழிசெய்தது. அதிக பாரத்துக்கு 2,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாயும் என்றிருந்த அபராதம் 20,000 ரூபாயும் டன்னுக்கு 2,000 ரூபாயும் ஆனது.

பம்பரையோ விளக்கையோ மாற்றினால் போலீஸ்காரர் கண்ணில் படும். பட்டை அடியில் கிடக்கிறது. ஆறு பட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருக்கிறதா என்று குனிந்து எண்ணுபவர் எஃப்.சி. பார்க்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர்தான். பட்டையைக் கழற்றிவிட்டுப் போய்க் காட்டி, திரும்பி வந்து மாட்டிக்கொள்ள ஒரு பகல் போதும்.

கழற்றியதும் உடைந்ததுமான பட்டைகள் வீணாவதில்லை. வில்பட்டை எஃகு நல்ல கரிம எஃகு. காய்ச்சி அடித்தால் கூர் நிற்கும். கொல்லுப் பட்டறைக்காரர் அதைத் தேடி வாங்குகிறார். லாரிப் பட்டையில் அடித்த அரிவாள் என்றால் விலை கொஞ்சம் கூடத்தான். விடியற்காலையில் பிக்கப்பின் பின்னால் நிற்பவர்கள் கையில் இருக்கும் அரிவாள்களில் சில அப்படி வந்தவை.